தெஷ்கோகோவின் தாயாதிச் சண்டை: 1515 முதல் 1521 வரை உண்மையில் யார் அரசர்?

கேள்வி: கயல்

ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸின் மெஷிகோ படையெடுப்பை ஆண்டுவாரியாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். தெஷ்கோகோவுக்கு வந்ததும் கணக்கு உதைக்கிறது.

தெனோச்தித்லான், தெஷ்கோகோ, த்லகோபன் (தகூபா) என்ற மூன்று ஊர்களும் சேர்ந்த முத்தரப்புக் கூட்டணிதான் அஸ்தெக் பேரரசு. அதில் தெனோச்தித்லானுக்கு அடுத்த இடம் தெஷ்கோகோவுக்கு. 1520 கடைசியில் அந்த ஊர் ஸ்பானியர் பக்கம் சாய்ந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அதே ஊரின் அரசர் கோவனகோச், முற்றுகை முடியும் வரை தெனோச்தித்லானுக்குள் இருந்து ஸ்பானியரை எதிர்த்திருக்கிறார். சாய்ந்தது ஊர் என்றால் அரசர் எப்படி எதிர்ப்பக்கம்?

தெஷ்கோகோ அரசர் நெசவால்பில்லி 1515-ல் இறந்ததிலிருந்து 1521 வரை ககாமா, குயிகுயிஸ்கத்ல், கோவனகோச், தெகோகோல், இஷ்ட்லில்ஷோச்சித்ல் என்று ஐந்து பெயர் கிடைக்கிறது. ஐவரும் நெசவால்பில்லியின் மகன்கள். ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்களா, ஒரே நேரத்தில் ஆண்டார்களா? முறைப்படி பட்டம் யாருக்கு வந்திருக்க வேண்டும்? இதெல்லாம் கோர்த்தெஸ் மூட்டிவிட்ட சண்டைதானா?

பதில் 1: ஏரிக்கரை

முதலில் "மூத்த மகனுக்குப் பட்டம்" என்ற எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். தெனோச்தித்லான் தீவாக நின்ற ஏரியைச் சுற்றியிருந்த, நாவா மொழி பேசிய மக்களின் ஊர்களில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அவர்கள் ஊரரசுக்கு ஆல்தெபெத்ல் என்று பெயர். நீரும் மலையும் சேர்ந்த சொல். அதன் அரசர் த்லாதோவானி, அதாவது பேசுகிறவர். அவருக்குப் பல மனைவியர், பல பிள்ளைகள். தெனோச்தித்லானில் உயர்குடியினர் கூடி அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே பட்டத்தைச் சுற்றி வரச் செய்தார்கள்: ஆஷயாகத்ல், திசோக், அவிட்சோத்ல் மூவரும் உடன்பிறந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக ஆண்டவர்கள். தெஷ்கோகோவில் தந்தைக்குப் பின் மகன் என்பது வழக்கம். ஆனால் எந்த மகன்?

அதைத் தாய்வீடு முடிவு செய்தது. பலம் மிகுந்த ஊர், பலம் குறைந்த ஊருக்குப் பெண் கொடுக்கும். அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் அடுத்த பட்டம் என்பது எழுதாத ஒப்பந்தம். மாமன்வீடு வலுவாக இருக்கும் வரை மற்ற மனைவியரின் பிள்ளைகள் வாய் திறக்க முடியாது. மாமன்வீடு ஆட்டம் கண்ட மறுநாளே தாயாதிகள் எழுந்துவிடுவார்கள்.

இது ஸ்பானியர் வருவதற்கு நூறாண்டு முன்பே நடந்த கதை. தெஷ்கோகோவின் பழைய இஷ்ட்லில்ஷோச்சித்ல், அன்று ஏரியை ஆட்டிப்படைத்த அஸ்கபோட்சால்கோ அரசர் தெசோசோமோக்கின் மகளைப் பட்டத்து ராணியாக்க மறுத்துவிட்டு, தெனோச்தித்லான் பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார். 1418-ல் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தார். அந்தத் தெனோச்தித்லான் பெண்ணின் மகன்தான் நெசவால்கோயோத்ல். 1426-ல் தெசோசோமோக் இறந்ததும் அவர் பிள்ளைகளுக்குள்ளேயே சண்டை. மாஷ்த்லா தன் சகோதரனை ஒதுக்கிவிட்டு ஏறினார். அந்தப் பிளவுக்குள் புகுந்து 1428-ல் தெனோச்தித்லானும் நெசவால்கோயோத்லும் சேர்ந்து அஸ்கபோட்சால்கோவை வீழ்த்தினார்கள். முத்தரப்புக் கூட்டணியே ஒரு பங்காளிச் சண்டையின் பிள்ளை.

இனி உங்கள் ஐந்து பேர்.

1515-ல் நெசவால்பில்லி வாரிசைச் சொல்லாமலே இறந்தார். ககாமாவின் தாய் தெனோச்தித்லான் அரசர் மொக்தெசூமாவின் உடன்பிறந்தவர். தாய்மாமனின் கை ஓங்கியிருந்ததால் ககாமாவுக்குப் பட்டம் கட்டப்பட்டது. இஷ்ட்லில்ஷோச்சித்ல் அதை ஏற்கவில்லை. வடக்கே போய் ஒதும்பாவை மையமாக வைத்து ஆள் திரட்டினார். மொக்தெசூமாவால் அவரை அடக்க முடியவில்லை. கடைசியில் ஊர் ககாமாவுக்கு, வடக்கு இஷ்ட்லில்ஷோச்சித்லுக்கு, கோவனகோச்சுக்கும் ஒரு பங்கு என்று சமரசம் ஆனது. ஆக 1519 ஏப்ரலில் கோர்த்தெஸ் கரையில் இறங்கியபோது தெஷ்கோகோ ஏற்கெனவே உடைந்த பானை. "கோர்த்தெஸ் மூட்டிவிட்டாரா" என்ற கேள்விக்கு இந்தத் தேதியே பதில்.

1519 நவம்பர் 8 அன்று ஸ்பானியர் தெனோச்தித்லானுக்குள் நுழைந்தார்கள். சீக்கிரமே மொக்தெசூமா அவர்கள் கையில் கைதி. 1520 தொடக்கத்தில் ககாமா அவர்களுக்கு எதிராக ஆள் சேர்த்தார். அவரைப் பிடித்த விதத்தைக் கவனியுங்கள். தெஷ்கோகோவிலேயே மொக்தெசூமாவிடம் படி வாங்கும் உயர்குடியினர் இருந்தார்கள். ஏரிக்கரையில் ஒரு வீடு. அடியில் ஓடம் நுழைந்து போகும்படி தண்ணீர்மேல் கட்டியது. ஆலோசனை என்று ககாமாவை அங்கே உட்காரவைத்து, கீழே ஓடங்களையும் ஆட்களையும் மறைத்து வைத்து, சத்தமில்லாமல் ஏற்றித் தெனோச்தித்லானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு ஸ்பானியப் படைவீரன்கூட அங்கே தேவைப்படவில்லை. தாய்மாமன் கட்டிய பட்டம், தாய்மாமன் ஆட்களாலேயே பறிபோனது.

அந்த இடத்தில் கோர்த்தெஸ், மொக்தெசூமாவின் பெயரால், குயிகுயிஸ்கத்லை வைத்தார். ஊர் அவரை ஏற்கவே இல்லை. 1520 ஜூன் 30 இரவு ஸ்பானியர் அடிபட்டு ஓடிய நாட்களையொட்டிக் ககாமா கைதியாகவே இறந்தார். தெஷ்கோகோவில் கோவனகோச் அமர்ந்தார். ஸ்பானியரோடு அவர்களின் கூட்டாளி ஊரான த்லாஷ்கலா வரை போன குயிகுயிஸ்கத்ல் பிறகு நைசாக ஊருக்குத் திரும்பப் பார்த்து மாட்டிக்கொண்டார். கோவனகோச் அவரைக் கொன்றுவிட்டார்.

1520 டிசம்பர் 31 அன்று கோர்த்தெஸ் தெஷ்கோகோவுக்குள் வந்தபோது தெருவில் பெண்களும் குழந்தைகளும் இல்லை. கோயில் உச்சியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு, ஏரி முழுக்க ஓடங்களில் ஊர் வெளியேறிக்கொண்டிருந்தது தெரிந்தது. கோவனகோச்சும் அந்த ஓடங்களில்தான் போனார். காலியான இருக்கையில் முதலில் தெகோகோல். அவர் சில மாதங்களில் இறந்தார். பிறகுதான் இஷ்ட்லில்ஷோச்சித்லின் காலம்.

எனவே "தெஷ்கோகோ சாய்ந்தது" என்று எழுதுவது தவறு. ஒரு தாயாதி ஓடத்தில் போனார், இன்னொரு தாயாதி அவர் இடத்துக்கு வந்தார், ஆளுக்கொரு கூட்டணி.

பதில் 2: மூலப்படி

ஏரிக்கரை சொன்ன வரிசை சரி. தாய்வீட்டு விதியை மட்டும் அளவுக்கு மேல் இழுக்க வேண்டாம் என்பேன். தெஷ்கோகோ வம்சத்தில் வந்த பெர்னாந்தோ தே ஆல்வா இஷ்ட்லில்ஷோச்சித்ல் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதன்படி, கோவனகோச்சும் இஷ்ட்லில்ஷோச்சித்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாயும் தெனோச்தித்லான் உயர்குடிப் பெண்தான், மொக்தெசூமாவின் உடன்பிறந்தவர் இல்லை, அவ்வளவே. அப்படியிருந்தும் 1521-ல் ஒருவர் முற்றுகைக்கு உள்ளே, மற்றவர் வெளியே. ககாமாவுக்கு ஏன் பட்டம் வந்தது என்பதைத் தாய்வீடு விளக்கும். இந்த இருவர் ஏன் பிரிந்தார்கள் என்பதை அது விளக்காது. அங்கே நிலத்தைத்தான் பார்க்க வேண்டும். வடக்குத் திறை யாருக்கு வந்துகொண்டிருந்தது, ஊரின் இருக்கை யார் கையில் இருந்தது என்பதுதான் பிளவின் கோடு.

இன்னொன்று: மூன்று பங்காகப் பிரித்த கதை நமக்கு முக்கியமாக இந்த எழுத்தாளர் வழியாகத்தான் தெரிகிறது. அவர் தன் முன்னோருக்காக அரசிடம் உரிமை கேட்ட குடும்பத்தவர். அவர் எழுத்தில் இஷ்ட்லில்ஷோச்சித்ல் ஆரம்பம் முதலே கிறித்தவத்தின் நண்பர், எல்லாப் போரிலும் முன்னணி. பிளவு இருந்தது என்பதை நம்பலாம்; கோர்த்தெஸ் ஸ்பெயின் அரசருக்கு எழுதிய கடிதங்களும் பங்காளிகள் எதிரெதிரே நின்றதைத்தான் காட்டுகின்றன. வீரச்செயல்களைப் பாதி விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

கயல், நீங்கள் குறிப்பெடுப்பதால் பெயர்களில் விழக்கூடிய குழிகளைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான்.

இஷ்ட்லில்ஷோச்சித்ல் மூன்று பேர். 1418-ல் கொல்லப்பட்டவர், 1521-ல் போரிட்டவர், அதை எழுதியவர். ஆண்டு போடாமல் அந்தப் பெயரை எழுதவே எழுதாதீர்கள்.

ஞானஸ்நானப் பெயர் இன்னும் மோசம். கோர்த்தெஸின் முதற்பெயரான எர்னாந்தோ, பெர்னாந்தோ என்பதையே ஆளாளுக்கு வைத்தார்கள். தெகோகோலும் தோன் பெர்னாந்தோ, இஷ்ட்லில்ஷோச்சித்லும் தோன் பெர்னாந்தோ. கோர்த்தெஸின் மூன்றாம் கடிதத்தில் தெஷ்கோகோவின் அரசராக வரும் தோன் பெர்னாந்தோ ஓர் ஆள். அவருடைய தம்பியாக 23, 24 வயதில், எல்லாரும் நேசிக்கவும் அஞ்சவும் செய்த வீரராக வரும் "இஸ்த்ரிசுச்சில்" வேறு ஆள். இருவரையும் ஒருவராகப் படித்துவிட்டால் தெகோகோலே காணாமல் போய்விடுவார். பழைய நூல்கள் பலவற்றில் அப்படித்தான் காணாமல் போயிருக்கிறார். கோர்த்தெஸின் படைவீரராக இருந்து பின்னால் வரலாறு எழுதிய பெர்னால் தியாஸோ "எஸ்தெசுச்செல்" என்று எழுதிவிட்டு, பின்னால் தோன் கார்லோஸ் என்று பெயர் பெற்றவர் என்கிறார். தோன் கார்லோஸ் என்பது வேறு ஒரு சகோதரருக்கு, அவாஷ்பிட்சாக்ட்சினுக்கு, சொல்லப்படும் பெயர். அவரும் இடையில் சிறிது காலம் இருக்கையில் இருந்ததாகக் கணக்கு உண்டு. ஆக உங்கள் ஐந்து பெயர் ஆறாகிறது.

முடிவில் வரும் "ட்சின்" மரியாதை விகுதி. ககாமாவும் ககாமாட்சினும் ஒருவரே. நாவா மொழியில் ஸ்பானியர் எக்ஸ் எழுத்தைப் போட்ட இடமெல்லாம் ஷகர ஒலி. தெக்ஸ்கோகோ, தெஸ்குகோ, தெஷ்கோகோ மூன்றும் ஒரே ஊர்.

ஒவ்வொரு பெயருக்கும் நேராக மூன்று குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: தாய் எந்த ஊர், இருக்கையில் அமர்த்தியது யார், அந்தத் தேதியில் மற்ற சகோதரர்கள் எங்கே இருந்தார்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் 1520-ஐப் படிக்கவே முடியாது.

பதில் 3: வேழம்

யார் அரசர் என்பதோடு, அந்த இருக்கை கையில் இருந்தால் என்ன கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கோர்த்தெஸுக்கு தெஷ்கோகோவில் ஒரு பொம்மை அரசர் போதாது. வேலைக்கு ஆள் அனுப்பச் சொன்னால் ஊர் ஊராக ஆள் வந்து நிற்கும்படியான அரசர் வேண்டும். குயிகுயிஸ்கத்லால் முடியாமல் போனது அதுதான். பட்டம் கட்டியது வெளியாள் என்று தெரிந்தால் கீழ்ஊர்கள் சோளமும் அனுப்பாது, ஆளும் அனுப்பாது.

கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி வழியே முற்றுகையிட 13 பெர்கன்தீன் பாய்க்கலங்கள் தேவைப்பட்டன. அவற்றுக்கான மரத்தை மர்த்தீன் லோப்பெஸ் த்லாஷ்கலாவில் அறுத்துச் செதுக்கினார். அதை 18 லீக் (பழைய ஸ்பானியத் தூர அளவு) தூரம் மலைவழியே தோளில் சுமந்து தெஷ்கோகோவுக்குக் கொண்டுவந்தார்கள். பலகை சுமந்தவர்கள் மட்டும் 8,000 பேருக்கு மேல். முன்னும் பின்னும் காவல் படை. முதல் ஆள் ஊருக்குள் நுழைந்ததிலிருந்து கடைசி ஆள் நுழையும் வரை ஆறு மணி நேரம் ஆனதாகக் கோர்த்தெஸ் எழுதுகிறார். ஆனால் பூட்டிய கலத்தை ஏரியில் இறக்க வழி இல்லை. அரை லீக் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள்: இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், அதே அளவு அகலம், கரை சரியாமலிருக்க இருபுறமும் கழி அடித்தது. அகோல்வா நாட்டார், அதாவது தெஷ்கோகோவின் கீழ்ஊர்க்காரர், நாளொன்றுக்கு 8,000 பேர் வீதம் 50 நாள் உழைத்தார்கள். கணக்குப் போட்டால் 4 லட்சம் ஆள்நாள். 1521 ஏப்ரல் 28 அன்று கலங்கள் நீரில் இறங்கின. அதே நாள் எடுத்த தொகையில் ஸ்பானியரின் எண்ணிக்கை 86 குதிரைவீரர், வில்லும் துப்பாக்கியும் ஏந்தியவர் 118, காலாட்கள் 700 சொச்சம். அந்தக் கால்வாயை அவர்கள் தாங்களே வெட்டப் போயிருந்தால் ஓராண்டுக்கு மேல் மண்வெட்டியும் கையுமாகத்தான் நின்றிருப்பார்கள்.

கோர்த்தெஸின் தளபதிகள் மூவர் நடத்திய முற்றுகைப் பிரிவுகளும் இதையே சொல்லும். தகூபாவில் அல்வராதோ: குதிரை 30, வில்லும் துப்பாக்கியும் ஏந்தியவர் 18, காலாட்கள் 150, த்லாஷ்கலா வீரர் 25,000 பேர். கொயோவகானில் ஒலித்: 33, 18, 160, துணைப்படை 20,000. இஸ்தபலாபாவில் சந்தோவால்: குதிரை 24, காலாட்கள் 150; சால்கோ, சோலூலா, வெஷோட்சிங்கோ ஆட்கள் 30,000. துணைப்படை எண்கள் கோர்த்தெஸின் வாய்க்கணக்கு, தூக்கலாக இருக்கலாம். பாதியாக்கிப் பார்த்தாலும் நூறுக்கு ஒருவர், இருவர் மட்டுமே ஸ்பானியர்.

கூட்டணி எப்போது ஆடும் என்பதும் ஒரு தேதியில் தெரிகிறது. 1521 ஜூன் கடைசியில் கோர்த்தெஸின் பிரிவு பாலத்து இடைவெளியைச் சரியாக அடைக்காமல் முன்னேறிப்போய்ச் சிக்கியது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஸ்பானியர் பிடிபட்டுப் பலியிடப்பட்டார்கள். அடுத்த நாட்களில் துணைப்படைகள் கூட்டங்கூட்டமாக ஊர் திரும்பின. கோர்த்தெஸின் முகாமில் தங்கியவர் தெஷ்கோகோவின் எஸ்தெசுச்செல், அதாவது நம் இஷ்ட்லில்ஷோச்சித்ல், உறவும் நட்புமாக ஏறத்தாழ 40 பேருடன். இது பெர்னால் தியாஸ் கணக்கு. சந்தோவால் முகாமில் வெஷோட்சிங்கோ தலைவர் சுமார் 50 பேருடன். அல்வராதோ முகாமில் த்லாஷ்கலாவின் சிச்சிமெகாதெகுத்லி சுமார் 80 பேருடன்.

அந்த நாட்களில் எஸ்தெசுச்செல் கோர்த்தெஸிடம் சொன்ன யோசனை முக்கியமானது. தினமும் போய் மோத வேண்டாம், முகாமிலேயே இருங்கள், கலங்களை விட்டு உணவும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுங்கள், உள்ளே ஆள் அதிகம், தானியம் தீர்ந்துகொண்டு வருகிறது, மழைக்குழித் தண்ணீரைக் குடிக்கிறார்கள், பசியைத் தாங்க முடியாது என்றார். முற்றுகையை முடித்தது இந்த வழிதான். தன் அண்ணன் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தே சொன்ன யோசனை. அவருக்கு ஊர் திரும்பிப்போக வழியே இல்லை. தெனோச்தித்லான் வென்றிருந்தால் கோவனகோச் மீண்டும் இருக்கைக்கு வந்திருப்பார், இவர் கதி குயிகுயிஸ்கத்லின் கதியாகியிருக்கும். த்லாஷ்கலா வீரன் தோற்றால் மலைக்குத் திரும்பலாம். தாயாதி தோற்றால் தலை போகும். அந்த 40 பேர் நின்றதற்கு இதைவிட வலுவான காரணம் தேட வேண்டியதில்லை.

கயல்

மூவருக்கும் நன்றி. எனக்கு இதுவரை புரியாமல் இருந்தது கோவனகோச் ஓடத்தில் போன இடம்தான், அது விளங்கிவிட்டது. இரண்டு துணைக்கேள்விகள். தெனோச்தித்லானில் ஏன் இப்படிப் பிளவு வரவில்லை? மொக்தெசூமாவுக்கும் பல மனைவியர் உண்டுதானே? த்லாஷ்கலா, சால்கோ எல்லாம் ஒரே குரலில் நின்ற ஊர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 4: ஏரிக்கரை

தெனோச்தித்லானிலும் பிளவு வந்தது. வந்த வேகத்தில் வெட்டிவிட்டார்கள்.

மொக்தெசூமா 1520 ஜூன் கடைசியில் இறந்தார். அடுத்துக் குய்த்லாவாக், அவருடைய தம்பி, இஸ்தபலாபாவின் அரசர். அவர் ஏறியது பழைய வழக்கப்படி: அண்ணனுக்குப் பின் தம்பி. ஆனால் பெரியம்மை அவரைச் சுமார் 80 நாளில் கொண்டுபோனது. இப்போது சிக்கல். ஆஷயாகத்லின் மக்களான மொக்தெசூமாவும் குய்த்லாவாக்கும் போய்விட்டார்கள். அடுத்தது மொக்தெசூமாவின் மகனா, அல்லது அவிட்சோத்லின் கிளையா? வந்தவர் குவாவ்தேமோக், அவிட்சோத்லின் மகன், தாய்வழியில், அதே தீவில் இருந்த அடுத்த ஊரான த்லதெலோல்கோ உறவு. கிளை மாறிவிட்டது.

கிளை மாறும்போது பழைய கிளையின் பிள்ளைகள் உயிரோடு இருப்பது ஆபத்து. த்லதெலோல்கோவில் நாவா மொழியில் எழுதிய ஆண்டேடு, மொக்தெசூமாவின் மகன்கள் ஆஷயாகா, ஷோஷோபெவாலோக் உட்பட உயர்குடியினர் சிலரைத் தெனோச்தித்லான்காரர்களே கொன்றதைச் சொல்கிறது. காரணத்தையும் சொல்கிறது: வெள்ளைச் சோளம், வான்கோழி, முட்டை சேர்த்து ஸ்பானியருக்குத் திறையாகக் கொடுக்கலாம் என்று பேசினார்களாம். அந்த மூன்று பொருளும் எனக்குப் பெரிய சாட்சி. சமாதானக் கட்சி ஒன்று உள்ளே இருந்தது, அதற்குத் தலைமை பழைய அரசரின் பிள்ளைகளிடம் இருந்தது, சந்தையில் சேர்க்க வேண்டிய பொருள் வரை பேச்சு போயிருந்தது. தெஷ்கோகோவில் இந்தக் கட்சிக்கு ஒதும்பா என்று ஒதுங்க இடம் இருந்தது. தெனோச்தித்லான் தீவு, ஒதுங்க இடம் இல்லை.

இன்னொரு கயிறும் போட்டார்கள். மொக்தெசூமாவின் மகள் தெகுயிச்போச், முதலில் குய்த்லாவாக்குக்கும் பிறகு குவாவ்தேமோக்குக்கும் மணமுடிக்கப்பட்டார். சிறு பெண். பழைய கிளையின் உரிமை அந்தப் பெண் வழியாகப் புதிய அரசருக்கு ஒட்டும் என்ற கணக்கு. அதே கணக்கை ஸ்பானியரும் போட்டார்கள்: பின்னால் இசபெல் மொக்தெசூமா என்ற பெயரில் 1526-ல் தகூபாவின் திறை அவருக்கு எழுதி வைக்கப்பட்டது, அடுத்தடுத்து மூன்று ஸ்பானியருக்கு மணம் முடிக்கப்பட்டது.

தாய்வீட்டு விதி கடைசி வரை செத்துப்போகவில்லை என்பதற்கு அவருடைய சகோதரர் பெத்ரோ மொக்தெசூமாவைப் பாருங்கள். அவர் தாய் தூலா அரச குடும்பம். அவர் உரிமை கேட்டது தூலாவில்.

பதில் 5: வேழம்

த்லாஷ்கலா ஒரே குரல் இல்லவே இல்லை. அது நான்கு ஊரரசுகளின் கூட்டு: ஒகோதெலுல்கோ, தீசத்லான், கியாவிஸ்த்லான், தெபெதிக்பாக். 1519-ல் ஒகோதெலுல்கோவுக்கு மாஷிஷ்காட்சின், தீசத்லானுக்கு மூத்த ஷிகோதென்காத்ல். செப்டம்பரில் ஸ்பானியரோடு நடந்த சண்டைகளில் படையை நடத்தியவர் இளைய ஷிகோதென்காத்ல். ஒரு சண்டையில் அவர் மீதிருந்த கோபத்தால் மற்றப் பகுதிப் படைகள் களத்தில் இறங்காமல் நின்றுகொண்டன. அன்று கோர்த்தெஸ் தப்பியதில் அதற்கும் பங்கு உண்டு.

1520 ஜூலைக்குப் பிறகு, ஸ்பானியர் அடிபட்டு வந்த நேரத்தில், தெனோச்தித்லான் தூதர் உறவு கேட்டு வந்தார்கள். இளையவர் ஏற்கலாம் என்றார், மாஷிஷ்காட்சின் கூடாது என்றார், கைகலப்பே ஆனது. பல பத்தாண்டுகள் உப்பும் பருத்தியும் வராமல் மெஷிகா, அதாவது தெனோச்தித்லான்காரர், அடைத்து வைத்திருந்த ஊர் அது. மாஷிஷ்காட்சின் பக்கம் எடை விழுந்தது. 1521 மே மாதம், முற்றுகைக்குப் படை புறப்படும் நேரத்தில், இளைய ஷிகோதென்காத்ல் ஊர் திரும்பினார். சிச்சிமெகாதெகுத்லி போர்க்களத்தில் இருக்கும்போது அவர் நிலத்தையும் குடிகளையும் பிடிக்கப் போனார் என்பது பெர்னால் தியாஸ் தரும் காரணம். கோர்த்தெஸ் அவரைப் பிடித்துத் தூக்கிலிட்டார். சொந்த ஊரில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. போட்டியாளர் ஒழிந்தார் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள்.

பெரியம்மை எத்தனை இருக்கைகளைக் காலி செய்தது என்பதையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1520-ன் பிற்பகுதியில் மாஷிஷ்காட்சின் போனார். அவருடைய சிறு வயது மகனைக் கோர்த்தெஸ் உறுதி செய்தார். சால்கோ அரசரும் போனார். அவர் பிள்ளைகள் தெஷ்கோகோவுக்கே வந்து கோர்த்தெஸின் கையால் பங்கு பிரித்து வாங்கிக்கொண்டார்கள். சால்கோ 1465-ல் மெஷிகாவிடம் வீழ்ந்து, அரச குடும்பங்கள் விரட்டப்பட்டு, பிறகு மெஷிகா தயவில் திரும்ப அமர்த்தப்பட்ட ஊர். தங்கள் பட்டத்துக்குத் தெனோச்தித்லான் முத்திரை தேவைப்படாத முதல் வாய்ப்பை அவர்கள் விடுவார்களா? ஒரு வாரிசு வந்து உறுதி வாங்கிப் போனால், அவனுடைய தாயாதிகளுக்கும் வழி தெரிந்துவிடும். கோர்த்தெஸின் பலம் இங்கேதான் வளர்ந்தது.

மேற்கே புரெபெச்சா மக்களின் அரசான மிச்சோவகானையும் பாருங்கள். புரெபெச்சா அரசர் சுவாங்குவா நோயில் இறந்தார். மகன் தங்காஷுவான் ஏறியதும், பின்னால் போட்டி வரக்கூடாது என்று தன் சகோதரர்களைக் கொன்றார். உதவி கேட்டு வந்த மெஷிகா தூதரை, செய்தியை இறந்துபோன தந்தையிடமே போய்ச் சொல்லுங்கள் என்று பலியிட்டுவிட்டார். தெனோச்தித்லானுக்கு மேற்கே இருந்த ஒரே பெரிய படை அதோடு கையைக் கட்டிக்கொண்டது. இந்த முடிவில் ஸ்பானியருக்குப் பங்கே இல்லை. தங்காஷுவானுக்கும் அது நெடுநாள் உதவவில்லை. 1530-ல் நூன்யோ தே குஸ்மான் அவரைக் கொன்றார்.

பதில் 6: மூலப்படி

1521 ஆகஸ்ட் 13-ஓடு குறிப்பை நிறுத்திவிடாதீர்கள், கயல். அன்று குவாவ்தேமோக் பிடிபட்டார், கோவனகோச்சும் பிடிபட்டார். தாயாதிச் சண்டை அதற்குப் பிறகும் ஓடியது. 1525-ல் ஓந்துராஸ் பயணத்தில், சதி செய்தார்கள் என்ற பெயரில், குவாவ்தேமோக்கையும் த்லகோபன் அரசரையும் கோர்த்தெஸ் தூக்கிலிட்டார். கோவனகோச்சும் அந்தப் பயணத்திலேயே முடிந்தார். அதே பயணத்தில் இஷ்ட்லில்ஷோச்சித்லும் இருந்தார். பிறகு தெஷ்கோகோ இருக்கை அவரிடம் இருந்தது. 1531 வாக்கில் இறந்தார். ஆனால் தெஷ்கோகோவின் கீழ்ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வெவ்வேறு ஸ்பானியருக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் 1515-ல் எதற்காகச் சண்டை போட்டாரோ அந்தத் திறை அவர் கண்ணெதிரே பிரிந்தது.

விதியே மாறிவிட்டதுதான் பெரிய மாற்றம். பாதிரியார்கள் ஒரு மனைவி மட்டும் என்றார்கள். திருச்சபை மணத்தில் பிறந்த பிள்ளைக்கே உரிமை என்றால், நெசவால்பில்லியின் மக்களில் யார் முறையானவர்? எவருமே இல்லை, அல்லது எல்லாருமே. 1539-ல் தெஷ்கோகோவின் தோன் பெத்ரோ இறந்ததும், நெசவால்பில்லியின் இன்னொரு மகன் தோன் கார்லோஸ் ஒமெதோச்ட்சின் இருக்கையைக் கேட்டார். பழைய முறையில் அவர் கேட்டதில் வியப்பில்லை. சிக்கல், விரோதிகளுக்குப் புதிய ஆயுதம் கிடைத்திருந்ததுதான். சிக்கோனாவ்த்லாவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ மால்தொனாதோ அவர் மேல் சமயக் குற்றம் சாட்டினார். ஆயர் சுமாராகா விசாரித்தார். 1539 நவம்பர் 30 அன்று மெஷிகோ நகரில் தோன் கார்லோஸ் எரிக்கப்பட்டார். விசாரணைப் பதிவில் சிலை வழிபாடு, வைப்பாட்டி என்று வரும். சாட்சி சொன்னவர்களின் உறவுமுறையைக் குறித்துக்கொண்டு படியுங்கள். பல இடங்களில் வீட்டுக்குள்ளிருந்தே சாட்சி வருகிறது.

தெனோச்தித்லானில் குவாவ்தேமோக்குக்குப் பின் அரச இரத்தம் இல்லாதவர்களைக்கூட வைத்துப் பார்த்தார்கள். 1538-ல்தான் ஆஷயாகத்லின் பேரன் தியேகோ வானிட்சின் ஆளுநராக வந்து, பழைய குடும்பம் ஆளுநர் என்ற புதிய பெயரில் திரும்பியது.

கூட்டாளிகளின் கணக்கு எப்படி முடிந்தது என்று ஒரு தாள் போதும். 1560 ஜூலையில் வெஷோட்சிங்கோ ஊர்மன்றத்தார் ஸ்பெயின் அரசருக்கு நாவா மொழியில் எழுதிய கடிதம் இருக்கிறது. த்லாஷ்கலாவைவிடத் தாங்களே உண்மையாகத் துணைநின்றதாக அதில் வாதாடுகிறார்கள்: தாங்கள் ஒருபோதும் எதிர்த்ததில்லை, த்லாஷ்கலா எதிர்த்தது, அவர்கள் ஷிகோதென்காத்ல் தூக்கிலிடப்பட்டார் என்று அந்த நாற்பதாண்டுப் பழைய வழக்கை மறுபடி எடுக்கிறார்கள். பிறகு தங்கள் மேல் போட்டிருக்கும் வரியைச் சொல்கிறார்கள்: 14,800 பெசோ பணம், அதே எண்ணிக்கையில் பனேகா (ஸ்பானியத் தானிய அளவு) சோளம்.